செகண்ட் ஹேண்ட் டீசல் கார்: இன்ஜினைச் சோதித்து வாங்க முழுமையான வழிகாட்டி

2010 ஜூனில் பெட்ரோல் மீதான விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசலுக்கு அது 2014 அக்டோபரில்தான் நீங்கியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பங்க்கில் தெரிந்த விலை வித்தியாசத்தைப் பார்த்து, வாரம் ஒருமுறை மட்டும் வண்டி எடுப்பவர்கள்கூட டீசல் கார் வாங்கினார்கள். அப்போது வாங்கிய ஸ்விஃப்ட், டிசையர், டஸ்டர், இன்னோவா எல்லாம் இன்று இரண்டாவது, மூன்றாவது ஓனர் கைக்கு வந்து தமிழ்நாட்டுப் பழைய கார் சந்தையில் நிற்கின்றன. பெயின்ட், சீட் கவர், டயர் என்று வெளி வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். இன்ஜின் இறக்க வேண்டி வந்தால் செலவு எங்கே நிற்கும் என்று இன்ஜினைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

"சத்தம் நல்லா இருக்கு, பிக்அப் நல்லா இருக்கு" என்று பொதுவாகப் பார்த்து வாங்குவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் கெட்டுப்போகும் விதம் ஒன்று உண்டு. அது என்னவென்று தெரிந்துகொண்டு, அதைக் குறிவைத்துச் சோதிக்க வேண்டும்.

போன் பண்ணும்போதே: எந்த இன்ஜின்?

மாடல் பெயரைவிட இன்ஜின் முக்கியம். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, டாடா விஸ்டா, மான்சா, ஜெஸ்ட், ஃபியட் புன்டோ, லினியா ஆகியவற்றில் பெரும்பாலான டீசல் வண்டிகளில் ஓடியது ஒரே ஃபியட் 1.3 மல்டிஜெட்தான். 1248 சிசி, நான்கு சிலிண்டர், டைமிங் செயின். நன்றாகப் பராமரித்தால் 2 லட்சம் கி.மீ. தாண்டியும் உழைக்கும் அருமையான இன்ஜின். இதன் பலவீனம் ஆயில். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் நிற்பது சுமார் 3 லிட்டர்தான். ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் இயங்குவது. ஆயில் குறைந்தாலோ, 10,000 கி.மீ.க்கு மாற்ற வேண்டியதை 20,000 வரை ஓட்டிக் கெட்டியாக விட்டாலோ, டென்ஷனர் தளர்ந்து செயின் ஆடும். ஆடி ஆடி நீண்ட செயின் ஒருநாள் பல் தாண்டும். ராக்கர் ஆர்ம் உடையும், வால்வு வளையும். எனவே மல்டிஜெட் வண்டி பார்க்கப் போனால் முதல் கேள்வி கிலோமீட்டர் பற்றியதாக இருக்கக் கூடாது. ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

செயினுக்குப் பதில் ரப்பர் டைமிங் பெல்ட் வைத்த இன்ஜின்களுக்குக் கேள்வி வேறு. 2005 முதல் 2016 வரை வந்த பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல், டஸ்டர், டெரானோ, மைக்ரா, சன்னி ஆகியவற்றின் 1.5 டீசல், ஃபோர்டு ஃபிகோ, ஃபியெஸ்டா, எகோஸ்போர்ட் ஆகியவற்றின் 1.4 மற்றும் 1.5 டீசல், போலோ, வென்டோ, ரேபிட் டீசல் எல்லாமே பெல்ட் இன்ஜின்கள். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்காமல் தீராது. செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும், பெல்ட் அப்படிச் செய்யாது. "பெல்ட் மாத்தியாச்சு சார்" என்றால் பில் கேளுங்கள். அதில் பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் புல்லி, பெல்ட்டால் சுற்றும் வண்டியாக இருந்தால் வாட்டர் பம்ப் ஆகியவையும் இருக்க வேண்டும். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டென்ஷனரை விட்டிருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, முழு செட்டின் செலவை விலையில் கழியுங்கள். குறைவாக ஓடிய வண்டி என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ரப்பர் வயதாலும் கெடும். இன்னோவாவில் பெல்ட் மாற்றும் நேரத்தைச் சொல்ல மீட்டரிலேயே தனி விளக்கு உண்டு. அதை பெல்ட் மாற்றாமலே ரீசெட் செய்துவிட முடியும் என்பதால் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2016-க்குப் பின் வந்த கிரிஸ்டா 2.4-இல் செயின்.

ஹூண்டாயின் 1.4, 1.6 சிஆர்டிஐ, ஹோண்டாவின் 1.5 ஐ-டிடெக், மஹிந்திரா 2.2 எம்ஹாக் எல்லாம் செயின். அவற்றுக்கு மல்டிஜெட்டுக்குச் சொன்ன ஆயில் ஒழுக்கம் அப்படியே பொருந்தும்.

பெட்ரோல் பக்கம் வேலை சுலபம். மாருதி கே சீரிஸ், ஹூண்டாய் கப்பா போன்ற டர்போ இல்லாத சின்ன இன்ஜின்கள் ஆயிலும் கூலன்ட்டும் சரியாக இருந்தால் தொந்தரவு தருவது அரிது. கவனிக்க வேண்டியது ஃபோர்டின் மூன்று சிலிண்டர் 1.2, 1.5 டிராகன் பெட்ரோலும் 1.0 எகோபூஸ்ட்டும். இவற்றின் டைமிங் பெல்ட் ஆயிலிலேயே நனைந்து ஓடும் வகை. தவறான கிரேடு ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். சரியான கிரேடு ஆயில் ஊற்றியதற்கு பில் இல்லாவிட்டால் அந்த வண்டியை விடுவதே நல்லது. வெளியில் சிஎன்ஜி கிட் மாட்டிய பெட்ரோல் வண்டி என்றால் ஆர்சியில் ஏறியிருக்கிறதா, சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கேஸில் ஓடிய இன்ஜினில் வால்வு சீட் தேய்மானம் அதிகம் என்பதால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம்.

பேப்பரில் இன்ஜினைத் தேடுங்கள்

வண்டி எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். ஓனர் கூட வந்தால் பெரும்பாலும் கொடுப்பார்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் இடையே எத்தனை கி.மீ., கூலன்ட் எப்போது மாறியது, கிலோமீட்டர் எங்காவது பின்னோக்கிப் போகிறதா. 2018-இல் 92,000 பதிவான வண்டி இன்று 78,000 காட்டினால் மீட்டர் குறைத்திருக்கிறார்கள். ஆர்சியில் முன்பு டாக்ஸியாக இருந்து ஓன் போர்டுக்கு மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹைவேயில் ஓடிய டாக்ஸி இன்ஜின் மோசமாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது 80,000 கி.மீ. வண்டியாக இருக்க வாய்ப்பில்லை.

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கு வந்த கட்டுப்பாட்டால், அங்கிருந்து என்ஓசி வாங்கி இங்கே விற்கப்படும் வண்டிகளும் உண்டு. விலை கவரும். ஆனால் டிராஃபிக்கில் மணிக்கணக்கில் ஐடிலில் நின்ற இன்ஜினின் தேய்மானம் ஓடோமீட்டரில் ஏறாது. அத்தகைய வண்டிக்குக் கீழே சொல்லும் சோதனைகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். பிளாக்கில் அடித்துள்ள இன்ஜின் எண்ணும் ஆர்சியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

காலையில் போங்கள். "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து இன்ஜின் மேலும் ரேடியேட்டர் மேல் ஹோஸ் மீதும் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். செயின் சத்தம், வால்வு சீல் புகை, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒழுகல் ஆகியவை குளிர்ந்த இன்ஜினில் முதல் சில விநாடிகளில்தான் தெரியும், சூடேறினால் மறைந்துவிடும்.

டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளை டிஷ்யூவில் துடையுங்கள். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது அளவும் தன்மையும். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால், செயின் இன்ஜினில் அதுவே போதும், நடையைக் கட்டலாம். அதிகபட்சக் கோட்டுக்கு மேலே இருந்து டீசல் வாடையும் அடித்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது. விரலில் தொட்டுப் பிரித்தால் நூல்போல் இழுபட்டால் புகையையும் சத்தத்தையும் அமுக்கக் கெட்டி ஆயிலோ அடிட்டிவோ ஊற்றியிருக்கிறார்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். பொன்னிறமாகவோ பழுப்பாகவோ சுத்தமாகத் தெரிந்தால் நல்லது. தார் போல் படிந்திருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டியது. மூடிக்கு அடியில் காபி நிறத்தில் வெண்ணெய்போல் திரண்டிருந்தால் தண்ணீர் சேர்கிறது; ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து கூலன்ட். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். பச்சை, சிவப்பு, பிங்க் என்று தெளிவான நிறம் இருக்க வேண்டும். செங்கல் தண்ணீர் போலிருந்தால் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர், ஹீட்டர் கோர், வாட்டர் பம்ப் எல்லாம் உள்ளே அரித்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர்.

இன்ஜெக்டர்களின் அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே கறுப்பாக, கெட்டித் தார் போலப் படிந்திருந்தால் செப்பு வாஷர் விட்டுப்போய் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கசிகிறது. சீக்கிரம் பார்த்தால் சின்ன வேலை. நாள்பட விட்டிருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடு, சில சமயம் கழற்றும்போதே உடையும்.

இன்ஜின் கழுவிப் பளபளவென்றிருந்தால் மகிழாதீர்கள். பத்து வருட வண்டியில் லேசான தூசி இருப்பதே நம்பிக்கை தரும். அப்போதுதான் எங்கே கசிகிறது என்று தடம் தெரியும்.

ஸ்டார்ட்

சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். இன்ஜின் செக் லைட், ஆயில் பிரஷர் லைட் இரண்டும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தபோதே செக் லைட் எரியவில்லை என்றால் அதைத் துண்டித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓனரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் டைமிங் கவர் பக்கம் காது வையுங்கள். இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். ஆயில் பிரஷர் ஏறும் முன் ஒரு விநாடி லேசான சலசலப்பு வந்து நின்றால் பரவாயில்லை. மூன்று நான்கு விநாடிக்கு மேல் சங்கிலி தகரத்தில் உரசுவது போன்ற சத்தம் நீடித்தால் செயினோ டென்ஷனரோ முடிந்துவிட்டது. ஆக்சிலேட்டரை ஏற்றினால் அடியிலிருந்து "டக் டக்" என்று கனமான சத்தம் வந்தால் பேரிங். அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தால் "ஹீட்டர் பிளக் சார், சின்ன வேலை" என்பார்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அது நியாயமான பதில். சென்னை, மதுரை வெயிலில் காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் வகை) டீசலுக்கு ஹீட்டர் பிளக் கெட்டிருந்தாலும் உடனே ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் கம்ப்ரஷன் குறைவு, இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகம், அல்லது டீசல் லைனில் காற்று.

புகையின் நிறம் நிறைய சொல்லும். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு ஸ்டெம் சீல். தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றபாடில்லை, லேசான இனிப்பு வாடை இருக்கிறது என்றால் கூலன்ட் எரிகிறது. கறுப்பு பெரும்பாலும் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு) அடைப்பு, இன்டர்கூலர் ஹோஸ் கிழிசல், இன்ஜெக்டர். மூன்றில் கறுப்புக்குத்தான் செலவு குறைய வாய்ப்பு அதிகம்.

பத்து நிமிடம் ஓடிய பிறகு ஐடிலில் ஆயில் மூடியைத் தளர்த்தி அதன் வாயிலேயே வையுங்கள். லேசாக ஆடினால் சரி. புகையோடு காற்று அழுத்தி மூடியைத் தூக்கி எறிந்தால் பேக் கம்ப்ரஷன். ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன, இன்ஜின் இறக்க வேண்டும். "ஆயில் மாத்தினா சரியாயிடும்" என்று சொல்பவரிடம் வண்டி வாங்க வேண்டாம்.

ஸ்கேனர்

வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்து ஃபோனில் காட்டும் சின்ன ஓபிடி ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. முதலில் பழுதுக் குறியீடு, அதாவது கோடு (code) பாருங்கள். பி0016 என்றால் வால்வை இயக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டனோடு சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டும் பொருந்தவில்லை, செயின் நீண்டிருக்கலாம். பி0299 டர்போ பிரஷர் போதவில்லை, பி0401 இஜிஆர் ஓட்டம் குறைவு, பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. எந்தக் கோடும் இல்லை என்றால் அதோடு விடாதீர்கள். "கோடு அழித்த பின் ஓடிய தூரம்" என்று ஒரு அளவு பல வண்டிகளில் கிடைக்கும். அது 5 கி.மீ. என்று காட்டினால் இன்று காலைதான் அழித்திருக்கிறார்கள்.

ஓட்டும்போது கூலன்ட் வெப்பநிலையை ஸ்கேனரில் விடாமல் கவனியுங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் 85 முதல் 95 டிகிரி செல்சியஸில் வந்து நிற்கும். ஹைவேயில் 65, 70 டிகிரியைத் தாண்டவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது அது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. ஓவர்ஹீட் ஆகும் வண்டிக்கு நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் சர்வ சாதாரணமாகச் செய்யும் வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது. மீட்டரில் முள் கீழே நிற்பதால் வாங்குபவர் மகிழ்ந்துபோவார். உள்ளே வளைந்த ஹெட் அப்படியே இருக்கும், குளிர்ந்தே ஓடுவதால் தேய்மானமும் கூடும்.

ஓட்டிப் பாருங்கள், குறைந்தது அரை மணி நேரம்

தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. ஹைவே வேண்டும், ஒரு பாலமோ மேடோ வேண்டும், ஏசி முழுதாக ஓட வேண்டும். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் இருந்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். 2,000 அருகே டர்போ இழுவை சீராக வர வேண்டும். வராமல் வண்டி தடுமாறினால் டர்போ, பூஸ்ட் ஹோஸ், அல்லது டர்போவுக்குள் இருக்கும் தகடுகளைச் சரிசெய்யும் ஆக்சுவேட்டர். சைரன்போல் ஊளைச் சத்தம் வந்தால் டர்போ ஷாஃப்ட் ஆடுகிறது. பிறகு இரண்டாவது கியரில் வேகமெடுத்து, காலை முழுதாக எடுத்து சில விநாடி இறங்கவிட்டு, மறுபடி மிதியுங்கள். கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால் வால்வு கைடும் சீலும் தேய்ந்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் ஏசியோடு பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஃபேன் ஓடி நிற்க வேண்டும், வெப்பநிலை ஏறிக்கொண்டே போகக் கூடாது. அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்யுங்கள்; சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் இன்ஜெக்டர் அல்லது ஹை பிரஷர் பம்ப்.

பிடித்துவிட்டதா? முன்பணத்துக்கு முன் மெக்கானிக்

இரண்டு டெஸ்ட்டுக்குக் காசு கொடுங்கள். ஒன்று கம்ப்ரஷன். காமன் ரெயில் டீசலில் பொதுவாக 25 முதல் 30 பார் வரை வரும். பெட்ரோலில் 150 முதல் 200 பிஎஸ்ஐ. துல்லியமான அளவு அந்த இன்ஜினின் மேனுவலில் இருக்கும். அதைவிட முக்கியம், சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பெட்ரோலில் ஒரு சிலிண்டர் குறைந்தால் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். டீசலில் இப்படி ஆயில் விடாதீர்கள், உள்ளே இடம் குறைவு.

இரண்டாவது இன்ஜெக்டர் லீக்-ஆஃப். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு குப்பியில் விட்டு சில நிமிடம் ஐடிலில் ஓட்டினால் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு நிற்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரு மடங்கு நின்றால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. நான்கும் அதிகமாக நின்றால் முழு செட்டின் செலவைக் கணக்கில் எடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசலுக்கு டிபிஎஃப் ஒன்று கூடுதல். புகையில் உள்ள கரியைப் பிடித்து, சுமார் 600 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் ஃபில்டர் அது. அதற்குத் தொடர்ந்து ஓட்டம் வேண்டும். அலுவலகத்துக்கு 5 கி.மீ. மட்டும் போய்வந்த வண்டியில் எரிப்பு பாதியில் நின்று, எரியாத டீசல் சம்ப்பில் இறங்கும். ஆயில் அளவு கூடுவதற்கு இதுவும் காரணம். சோதிக்கச் சுலபமான வழி: சைலன்சர் வாயில் விரலை விட்டுத் தடவுங்கள். டிபிஎஃப் நன்றாக இருந்தால் விரல் கிட்டத்தட்ட சுத்தமாக வரும். கரி அப்பினால் உடைந்திருக்கிறது அல்லது கழற்றிவிட்டார்கள். சிட்டிக்குள் மட்டும் ஓட்டப் போகிறவருக்கு பிஎஸ்6 டீசல் வேண்டாம், பெட்ரோல் எடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்தால் இன்ஜின் ஓடும். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டும். சில மாதங்களிலோ ஒரு வருடத்திலோ ராடு முறிந்து பிளாக்கையே துளைக்கும். பளபளவென்று துடைத்திருந்தாலும் மூன்று இடம் காட்டிக்கொடுக்கும்: சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் கடைசி முனையில் தெரியும் சேற்றுக் கறை, சீட் தண்டவாளத்திலும் போல்ட்டிலும் துரு, ஸ்டெப்னி குழியின் மூலைகளில் மணல். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் இன்சூரன்ஸ் கிளைம் விவரம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வண்டியை அதோடு விட்டுவிடுங்கள்.

விலை பேசும்போது, வாங்கிய பிறகு

டைமிங் பெல்ட், இஜிஆர் சுத்தம், ஹீட்டர் பிளக், இன்ஜின் மவுன்டிங், வால்வு கவரில் ஆயில் கசிவு ஆகியவை விலையில் கழித்து வாங்கக்கூடியவை. மெக்கானிக்கிடம் எஸ்டிமேட் எழுதி வாங்கி அதைக் காட்டிப் பேசுங்கள். பேக் கம்ப்ரஷன், ஓவர்ஹீட், ஆயிலில் தண்ணீர், பேரிங் சத்தம், பில் இல்லாத செயின் சத்தம் ஆகியவற்றுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். இன்ஜினைத் திறந்த பிறகு செலவு எப்போதும் சொன்னதைவிடக் கூடும்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கம்பெனி சொன்ன கிரேடு ஆயில் மட்டும் போதும். கூலன்ட்டைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். கழற்றிய பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல், மெக்கானிக்கை வெட்டச் சொல்லி மடிப்புகளை வெயிலில் பிரித்துப் பாருங்கள். கரி இருக்கும், அது இயல்பு. செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ மின்னும் துகள் இருந்தால் பேரிங் தேயத் தொடங்கியிருக்கிறது. வண்டியை மேலும் ஓட்டாமல் சம்ப்பைக் கழற்றி பேரிங் ஷெல்களைப் பார்க்கச் சொல்லுங்கள்; கிராங்க் கீறும் முன் ஷெல்லை மட்டும் மாற்றி முடித்துவிட வாய்ப்பு உண்டு. ஒன்றும் இல்லையென்றால் அடுத்த ஆயில் மாற்றத்தை 5,000 கி.மீ.யிலேயே செய்யுங்கள், அதுவரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து அளவைக் குறித்து வையுங்கள்.